மாமா தந்த மணிக்கூடும் அரசாங்கம் தந்த நேரமும்

எனது சென்ற பிறந்த நாளுக்கு, லண்டனில் இருக்கும் மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தாள். கடிகாரம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். நேரம் காட்டுவதை அது ஓர் உபதொழிலாகவே வைத்திருக்கிறது. பிரதான தொழில் என்னைக் கண்காணிப்பது. நான் எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணித்தியாலம் உறங்கினேன், இதயம் எத்தனை தடவை துடித்தது என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து கதிரையில் இருந்தால் கையைச் சுரண்டி எழும்பச் சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக் கந்தோர்களில் பல பிரதம ஆசிரியர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட இவ்வளவு நெருக்கமாக என்னைக் கவனித்ததில்லை.

அதை முதன்முதலாக இயக்கியபோது, நீ எந்த நேர வலயத்தில் இருக்கிறாய் என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்கு முன் தானாகவே கண்டுபிடித்து, கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்று காட்டியது. அருகில் நின்ற மனைவி எட்டிப் பார்த்து, "உதுக்கு என்ன தெரியும்? நாங்கள் ஐந்தரையிலும் இருந்தம், ஆறிலும் இருந்தம், ஆறரையிலும் இருந்தம்" என்றாள். அவள் சொன்னது வரலாற்று உண்மை. அந்த வரலாற்றைப் புதுக் கடிகாரம் அறியாது. ஆனால் மேசை லாச்சிக்குள் கிடக்கும் பழைய கடிகாரம் அறியும்.

அந்தப் பழைய கடிகாரம் 1995 பெப்ரவரியில் எனக்குக் கிடைத்தது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் பேசிக்கொண்டிருந்த, துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த அந்தச் சில மாதங்களைப் பயன்படுத்திக் கிளிநொச்சியில் எங்கள் கலியாணம் நடந்தது. மாமா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சவூதியில் இருந்த மூத்த மகன் அனுப்பியிருந்த 'சீக்கோ 5' கைக்கடிகாரத்தைத் தாம் கட்டாமல் வைத்திருந்து மருமகனுக்குக் கட்டிவிட்டார். "தம்பி, இதுக்குப் பற்றரி தேவையில்லை. கை ஆடினால் ஓடும். வேலை செய்யிற மனிசனுக்கு ஏற்ற சாமான்" என்றார்.

பற்றரி தேவையில்லை என்பது அன்றைய வன்னியில் சாதாரண விளம்பர வசனம் அல்ல. 1990 இல் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின்னர் வடக்குக்குத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. ஒருவர் சுற்ற நால்வர் செய்தி கேட்பார்கள். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் உலக நடப்பும் ஓய்ந்துவிடும்.

தானியங்கிக் கடிகாரத்தின் சூட்சுமமும் ஏறத்தாழ அதுவேதான். உள்ளே ஓர் அரைவட்டத் தகடு இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று வில்லை முறுக்குகிறது. கழற்றி வைத்தால் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிவிட்டு நின்றுவிடும். என் கையில் அது அடிக்கடி பிந்தியபோது, "செய்தி ஆசிரியருக்குக் கை அசைவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?" என்று கந்தோரில் ஒருவர் கேட்டார்.

கடிகாரம் அன்பளிப்பாகக் கிடைப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். மாப்பிள்ளைக்கு மட்டுமல்ல, ஊருக்கும் அப்படித்தான். கொழும்புப் புறக்கோட்டையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பம்பாயில் இருந்து வந்த கான் என்ற பார்சிக் குடும்பத்தினர் 1923 இல், தம் தந்தையின் நினைவாகக் கட்டி ஊருக்குக் கொடுத்தார்கள். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம். யுத்தத்தில் சிதைந்து நின்ற அது 2002 இல் திருத்தப்பட்டது. மணிக்கூட்டை யாரும் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் அதற்குள் ஓடும் நேரத்தைக் கொடுக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. அது கேட்டுக் கொடுப்பதும் இல்லை.

சூரியனைக் கேட்டால், கொழும்பின் நேரம் கிறீனிச்சுக்கு 5 மணித்தியாலம் 19 நிமிடம் முந்தியது. புகையிரதமும் தந்தியும் வரும்வரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் நின்ற சூரியனையே நம்பியிருந்தது. எங்கள் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பகுத்து, 24 நிமிடத்தை ஒரு நாழிகையாகக் கொண்டு காரியம் பார்த்தார்கள். 1884 இல் வாஷிங்டனில் கூடிய மகாநாடு கிறீனிச்சை உலகின் பூச்சியக் கோடாக ஏற்றது. 1906 இல் இலங்கையின் நேரம் ஐந்தரை மணித்தியாலம் என்று வகுக்கப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டில் அதே நேரத்துக்கு வந்தது. ஆக, நாம் 'பழைய நேரம்' என்று பாசத்தோடு சொல்வதும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் புகுத்திய புதிய நேரம்தான்.

அதுவும் நிலைத்து நிற்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 ஜனவரியில் கடிகாரங்கள் அரை மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும், 9 ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு வீசின. செப்ரெம்பரில் மேலும் அரை மணித்தியாலம் தள்ளப்பட்டது. 1945 ஒக்டோபரில்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். மாமாவுக்கு 1942 இல் பத்து வயது. யுத்தம் யாரோடு என்று விளங்காவிட்டாலும் விடிய முன்னர் பள்ளிக்கூடம் போகவேண்டி வந்தது நன்றாக நினைவிருக்கிறது என்பார்.

அதே கதை 1996 இல் திரும்பி வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்று நாடே வெடி கொளுத்தியது. மே மாதம் வந்தபோது நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன. மின்சாரத்தின் பெரும்பகுதி நீரில் இருந்தே வந்த காலம். நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு. மழையைக் கொண்டுவர முடியாத அரசாங்கம் பகலைக் கூட்டலாம் என்று தீர்மானித்து, மே 25 ஆம் திகதி கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஆறு மணிக்கு உதிக்கும் சூரியன் ஏழு மணிக்கு உதிக்கத் தொடங்கினான். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் புறப்பட்டார்கள். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒக்டோபர் 26 ஆம் திகதி அரை மணித்தியாலத்தை அரசாங்கம் திருப்பித் தந்தது. மிகுதி அரை மணித்தியாலத்தை வைத்துக்கொண்டது.

அந்த இரு இரவுகளிலும் நான் பத்திரிகைக் கந்தோரில் இரவுக் கடமையில் இருந்தேன். மே மாத இரவில் பன்னிரண்டு மணி அடித்தவுடன் ஒரு மணி ஆகிவிட்டது. பக்கம் முடிக்கும் நேரம் கண் முன்னே பறிபோனது. ஒக்டோபர் இரவில் பன்னிரண்டரை மீண்டும் பன்னிரண்டு ஆகியது. ஒரே அரை மணித்தியாலத்தை இரண்டு தடவை வேலை செய்தேன். மாலை ஆறு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கையொப்பம் வைத்தால் புத்தகத்தின்படி எட்டு மணித்தியாலம். ஆனால் உழைத்தது எட்டரை. ஆகவே அரை மணித்தியாலத்துக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கோரி எழுதிக் கொடுத்தேன். கணக்குப் பகுதியில் இருந்தவர் அதை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு என்னை அழைத்தார். "மே மாதத்தில் நீர் ஏழு மணித்தியாலம் வேலை செய்து எட்டுக்குச் சம்பளம் எடுத்திருக்கிறீர். அதில் இதைக் கழித்தால், நீர்தான் இன்னும் அரை மணித்தியாலம் தரவேண்டும்" என்றார். அவரது கணக்கில் பிழை காண என்னால் இன்றுவரை முடியவில்லை.

கந்தோரோடு இருந்த கடன் சிரிப்போடு போயிற்று. வன்னியோடு ஏற்பட்டது அப்படியல்ல. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே ஐந்தரை, இங்கே ஆறு. ஒரு சிறு தீவுக்குள் இரண்டு நேரம் ஓடத் தொடங்கியது. கோயிலுக்கும் சோதிடத்துக்கும் கொழும்பிலேகூடப் பழைய நேரமே கை கொடுத்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் தொடங்கும் இராகு காலம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. இராகுவுக்கு அரசாங்க வர்த்தமானி கிடைத்ததா என்று ஐயர் ஒருவர் என்னிடம் கேட்டார். கலியாண அழைப்பிதழ்களில் முகூர்த்தத்துக்கு அருகே 'பழைய நேரம்' அல்லது 'புதிய நேரம்' என்று போடாவிட்டால் சனம் தாலி கட்டி முடிந்த பிறகே வந்தது.

அந்த ஆண்டு கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தபோது மாமா இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தார். 1997 ஜனவரியில் எங்கள் மகள் கொழும்பில் பிறந்தாள். அங்கே தொலைபேசி இல்லை. கடிதம் வர வாரக் கணக்காகும். வவுனியாவுக்கு வருவதானால் இரு தரப்பினதும் அனுமதி வேண்டும். எப்படியோ அனுமதி பெற்ற மாமா, ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வவுனியாவில் இருந்து பேசுவதாகவும், பேத்தியின் குரலைக் கேட்க வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டிலும் தொலைபேசி இல்லை. வெள்ளவத்தையில் ஒரு தொலைத்தொடர்புக் கடைக்கு வரும் அழைப்பை, காத்திருந்து எடுப்பதே ஏற்பாடு. மனைவி மூன்று மாதக் குழந்தையோடு ஒன்பதரைக்கே போய்விட்டாள். பத்து மணியாயிற்று. பத்தேகால் ஆயிற்று. அழைப்பு வரவில்லை. வழியில் மறித்துவிட்டார்களோ, பிடித்துவிட்டார்களோ என்ற பயம் ஒருபுறம், குழந்தையின் அழுகை மறுபுறம். பத்து இருபத்தைந்துக்குக் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டாள். பத்தரைக்கு அழைப்பு வந்தது. மாமாவின் கையில் அப்போது சரியாகப் பத்து மணி.

இதைக் கடைக்காரர் மறுநாள் சொன்னார். அன்று மாலையே மாமா திரும்ப வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஏ-9 பாதையைப் பிடிப்பதற்கான 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. மறுபடி அவருக்கு வாய்ப்புக் கிடைக்கப் பதினொரு மாதம் சென்றது. அந்தப் பதினொரு மாதமும் வீட்டில் நேரத்தைப் பற்றி யாரும் பகிடி விடவில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே பொது நேரம் பிபிசி தமிழோசை. கிறீனிச் நேரம் 15.45. மல்லாவியில் இரவு ஒன்பதேகால், கொழும்பில் ஒன்பதே முக்கால். அறிவிப்பாளரின் குரல் வந்தவுடன் மனைவி, "அப்பாவும் இப்ப கேட்டுக்கொண்டிருப்பார்" என்பாள். யார் டைனமோவைச் சுற்றுகிறார்களோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1998 மார்ச்சில் மீண்டும் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. சென்ற முறை பட்ட பாடு போதும் என்று, இம்முறை நாங்கள் மாமாவின் பழைய நேரத்துக்குக் கணக்குப் போட்டு, எங்கள் பத்தரைக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தலையில் கை வைத்தார். "சரியாகப் பத்துக்கு எடுத்தாரே ஐயா!" சென்ற முறை பிள்ளை காத்திருந்து திரும்பியதை அறிந்த மாமா, இம்முறை எங்களுக்காகப் புதிய நேரத்தில் எழுதியிருக்கிறார். அவர் எங்கள் நேரத்துக்கு வர, நாங்கள் அவர் நேரத்துக்குப் போக, நடுவில் அந்த அரை மணித்தியாலம் அசையாமல் அப்படியே கிடந்தது.

மனைவி கதிரையில் இருந்துவிட்டாள். அப்போது தொலைபேசி மணி அடித்தது. மாமாதான். கணித ஆசிரியர் அல்லவா? முதல் தடவை நாங்கள் இல்லை என்றதும், நாங்கள் என்ன கணக்குப் போட்டிருப்போம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பதினான்கு மாதக் குழந்தையின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்தோம். அவள் அதைச் சூப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள். "காணும், காணும். குரல் கேட்டிட்டன்" என்றார் மாமா. பிறகு என்னிடம், "தம்பி, மணிக்கூடு ஓடுதோ?" என்று கேட்டார். யாரெல்லாம் ஒட்டுக் கேட்பார்களோ என்ற பயத்தில் வேறு எதுவும் பேசமுடியாத காலம். "ஓடுது மாமா" என்றேன். அந்த இரண்டு வசனத்துக்குள் நாங்கள் இருவரும் பலவற்றைப் பேசி முடித்தோம்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ-9 பாதை மக்களுக்குத் திறந்தது. சில வாரங்களில் நாங்களும் புறப்பட்டோம். ஓமந்தையைத் தாண்டிச் சூனியப் பிரதேசத்தைக் கடந்ததும் மனைவி என் கையைப் பிடித்து, முள்ளை அரை மணித்தியாலம் பின்னே திருப்பினாள். "அப்பாவின்ரை வீட்டிலை அப்பாவின்ரை நேரம்" என்றாள். ஐந்து வயதுப் பேத்தியை மாமா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அன்றைய அரட்டையில் 1906 ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லி, "மாமா, உங்கடை நேரமும் கவர்மெந்து தந்ததுதான்" என்றேன். "ஓம் தம்பி. ஆனால் தந்தவன் போயிட்டான். நேரம் எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார்.

2006 ஏப்ரல் 15 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், அரசாங்கம் அந்த மிகுதி அரை மணித்தியாலத்தையும் திருப்பித் தந்து ஐந்தரைக்கு வந்தது. இருட்டில் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கு மகிழ்ச்சி. கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு இந்த அரைக் கணக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அன்றிரவு விடுமுறை. கந்தோருக்கு நான் தரவேண்டியிருந்த அரை மணித்தியாலத்தை உறங்கிக் கழித்தேன். கடன் இன்னும் நிற்கிறது. அடுத்து வந்த கடிதத்தில் மாமா ஒரு வரி எழுதியிருந்தார்: 'நான் பத்து வருசம் முள்ளைத் தொடவில்லை. கவர்மெந்துதான் என்னட்டை வந்தது.'

பத்து ஆண்டுகளுக்குப் பின் இரு தரப்பும் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. நான்கு மாதம் கழித்து, ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை வெடித்தது. ஏ-9 பாதை மூடப்பட்டது. நேரம் ஒன்றாகிவிட்டது. போய்ச் சேர வழி இல்லாமற் போயிற்று.

மாமாவை அடுத்து நாங்கள் கண்டது 2009 இல், செட்டிகுளம் முகாமில். அவரது மணிக்கட்டில் பழைய தழும்பு போல ஒரு வெளிர் வட்டம் மட்டும் இருந்தது. மணிக்கூடு எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் கொழும்புக்கு வந்து சேர்ந்த அன்று என் கையில் இருந்த சீக்கோவைக் கழற்றி நீட்டினேன். "குடுத்த சாமானைத் திருப்பி வாங்கிறதோ?" என்று மறுத்தார். "இரவல் மாமா" என்றேன். கட்டிக்கொண்டார்.

கை ஆடினால் ஓடும் என்று தந்தவரின் கை இப்போது அதிகம் ஆடவில்லை. சாய்மனைக் கதிரையில் இருந்த மாமாவின் கையில் கடிகாரம் ஒவ்வொரு நாளும் பிந்தியது. பன்னிரண்டரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு வந்து, "நான் பிந்தேல்லைத்தானே?" என்று மணிக்கட்டைக் காட்டுவார். "இல்லை அப்பா, இப்பதான் சோறு இறக்கினனான்" என்பாள் மகள். சில நாட்களில் எங்கள் வீட்டுச் சமையல் நேரமே மாறிவிட்டது. அதற்கு வர்த்தமானி அறிவித்தல் எதுவும் வெளிவரவில்லை. 2015 இல் மாமா காலமானார். கடிகாரம் லாச்சிக்கு வந்தது.

இப்போது பேத்தி லண்டனில். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிற்பகல் மூன்றரைக்கு எடுப்பாள். எங்களுக்கு இரவு ஒன்பது மணி. மார்ச் இறுதியில் அங்கே முள் ஒரு மணித்தியாலம் முன்னே போனால் எங்களுக்கு எட்டு மணியாகிவிடும். ஒக்டோபர் இறுதியில் மீண்டும் ஒன்பது. ஒவ்வோர் ஆண்டும் அந்த முதல் ஞாயிறை நாங்கள் மறந்துவிடுவோம். சென்ற ஒக்டோபரிலும் அப்படித்தான். எட்டு மணிக்குத் தொலைபேசியை முன்னே வைத்துக்கொண்டு மனைவி இருந்தாள். எட்டேகால். எட்டரை. என் கையில் இருந்த புதுக் கடிகாரம், நீண்ட நேரம் இருந்துவிட்டாய், எழும்பு என்று சுரண்டியது.

"வா, சாப்பிடுவம். அவளுக்கு வேலையாக்கும்" என்றேன்.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் இன்னும் ஒரு அரை மணித்தியாலம் பாத்திட்டு வாறன்" என்றாள்.